ஏ.டி.எச்.டி. சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தருமா? வாசகர் கேள்வி – பதில்

கவனக்குறைவும் மிகை இயக்கமும் கொண்ட குழந்தைகளைப் பற்றி, அதாவது ஏ.டி.எச்.டி. பற்றி, சென்ற இதழில் மனநல மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுமந்து வந்தன: பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஆகும் செலவைக் காப்பீடு ஏற்குமா? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை வெளியிட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டிருப்பதால் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் மகனுக்கு எட்டு வயது. வகுப்பாசிரியை சொன்னதன் பேரில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டினோம். மூன்று முறை வரவழைத்து மதிப்பீடு செய்து, ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்தார்கள். அதற்கு 9,800 ரூபாய் ஆனது. மாதாமாதம் மருந்தும் உண்டு. நான்கு ஆண்டுகளாக 5 லட்ச ரூபாய்க்குக் குடும்பப் பாலிசி வைத்திருக்கிறோம். பில்களை அனுப்பியபோது, ‘வெளிநோயாளி சிகிச்சை அடங்காது’ என்று இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். மனநல சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே? ஒரு நாள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பணம் கிடைத்துவிடும் என்கிறார் என் நாத்தனார். அப்படிச் செய்யலாமா?
– ஈரோடு வாசகி

சட்டம் இருப்பது உண்மைதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21, உட்பிரிவு 4, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தர வேண்டும் என்கிறது. இதைப் பின்பற்றும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகும் பழைய விலக்கு வாசகங்களை, அதாவது ‘இன்னின்னவற்றுக்குப் பணம் கிடையாது’ என்று பாலிசியில் எழுதியிருப்பதை, பிடித்துக்கொண்டு மறுத்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக, 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் பாலிசிதாரருக்குப் பணம் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. உங்கள் மகனைப் பொறுத்தவரை இன்னும் நேரடியாகப் பொருந்துவது ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல். பாலிசியில் எவற்றையெல்லாம் விலக்காக எழுதவே கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. மனநோய், மன அழுத்தம் ஆகியவற்றோடு ‘நடத்தை மற்றும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள்’ என்ற தலைப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ‘ஏ.டி.எச்.டி. என்பதால் தர மாட்டோம்’ என்று எந்த நிறுவனமாவது எழுதியிருந்தால், அது செல்லாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் உங்களுக்கு வந்த கடிதத்தில் அவர்கள் அப்படி எழுதவில்லை. நோயின் பெயரை அவர்கள் தொடவே இல்லை; சிகிச்சை நடந்த இடத்தைத்தான் காரணமாகக் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் விற்கப்படும் சாதாரண மருத்துவக் காப்பீடு என்பது, மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தவரின் செலவுக்காக அமைந்தது. சர்க்கரை நோயாளி ஒருவர் இருபது ஆண்டுகளாக மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் அந்தப் பாலிசியில் காசு கிடையாது. ‘அதே அடிப்படையில்’ என்ற சட்டச் சொல்லை வைத்துக்கொண்டு பார்த்தால், உடல்நோய்க்கு இல்லாத வெளிநோயாளிச் செலவை மனநலத்துக்கு மட்டும் கேட்பது கடினம். இதில் ஒரு அநியாயம் இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஏ.டி.எச்.டி.க்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு, குழந்தையோடு உட்கார்ந்து, வீட்டிலும் பள்ளியிலும் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மதிப்பீடு, மருந்து, நடத்தைப் பயிற்சி, பெற்றோருக்கான ஆலோசனை என்று எல்லாமே ஆலோசனை அறையில் நடப்பவை. ஒரு குறைபாட்டின் சிகிச்சை முழுவதும் வெளிநோயாளிப் பிரிவிலேயே நடக்கும்போது, உள்நோயாளிக்கு மட்டும் திறக்கும் காப்பீட்டில் சம உரிமை தந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

நாத்தனார் சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லாப் பாலிசிகளிலும் ஒரே வாசகத்தில் இருக்க வேண்டிய விலக்குகள் சில உண்டு. அவற்றில் நான்காவது, பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடையாது என்பது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியைத் திறந்து பாருங்கள். ‘எக்ஸ்க்ளூஷன் 04’ என்ற குறியீட்டோடு அது அச்சாகியிருக்கும். அட்மிட் செய்த செலவும் போகும், தேவையில்லாமல் சேர்த்ததாக உங்கள் பாலிசியின் மேல் ஒரு கறையும் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாமல் தவிக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் புறங்கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலோடு ஒரு ராத்திரி முழுவதும் கட்டிலில் கிடத்தி வைப்பதை நினைத்துப் பாருங்கள். 9,800 ரூபாய்க்காக அதைச் செய்ய வேண்டாம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளிநோயாளிச் செலவையும் ஏற்கும் கூடுதல் பிரிவுகளைச் சில நிறுவனங்கள் தனிப் பிரீமியத்துக்குத் தருகின்றன. புதுப்பிக்கும்போது அதைச் சேர்ப்பதற்கு முன் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆண்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு, மனநல மருத்துவரின் கட்டணமும் மருந்தும் அதில் சேருமா, காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு பணம் கேட்க முடியாத தொடக்கக் காலம்) எவ்வளவு. உச்சவரம்பு 5,000 ரூபாய், கூடுதல் பிரீமியம் 4,000 ரூபாய் என்று இருந்தால் அந்தப் பணத்தை நீங்களே மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி, தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) ஆகியவற்றை இந்தப் பிரிவுகளும் பல நேரம் விட்டுவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள். முகவர் வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். பதினோரு ஆண்டுகள் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ‘எல்லாம் கவர் ஆகும்’ என்ற வாக்குறுதியை எந்தக் கோப்பிலும் என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

எனக்கு 29 வயது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஆறு மாதங்களுக்கு முன்புதான் எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மனநல மருத்துவர் சொன்னார். மருந்து எடுத்துக்கொள்கிறேன், வேலையில் நல்ல மாற்றம் தெரிகிறது. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டோடு தனியாக ஒரு பாலிசியும் எடுக்க நினைக்கிறேன். விண்ணப்பத்தில் இதைச் சொன்னால் பாலிசியே தர மாட்டார்கள், சொல்லாமல் விட்டுவிடு என்கிறார் நண்பர். குழுக் காப்பீட்டில் க்ளெய்ம் செய்தால் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமா என்ற பயமும் இருக்கிறது.
– கோவை வாசகர்

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையை மறைத்தால், நாளைக்கு விபத்திலோ வேறு நோயிலோ நீங்கள் படுத்திருக்கும்போது, அந்த மறைப்பைக் காட்டிப் பாலிசியையே ரத்து செய்யப் பார்ப்பார்கள். ஏ.டி.எச்.டி. மாத்திரைக்காக மாதம் செலவாகும் தொகை சிறியது. நீங்கள் பாலிசி எடுப்பது லட்சக்கணக்கில் வரக்கூடிய செலவுக்காக. சிறியதை மறைத்துப் பெரியதைப் பணயம் வைக்கக் கூடாது.

சொன்னால் என்ன ஆகும்? முன்பே இருந்த நோய் என்று அதைக் குறித்துக்கொண்டு, காத்திருப்புக் காலம் வைப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அந்தக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள். அதற்கு முன் 48 மாதங்கள் வரை இருந்தது. அந்தக் காத்திருப்பு ஏ.டி.எச்.டி.க்கும் அதோடு நேரடித் தொடர்புள்ளவற்றுக்கும் மட்டும்தான். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கோ டெங்குக் காய்ச்சலுக்கோ அது தடையாகாது. சில நிறுவனங்கள் பிரீமியத்தைக் கூட்டும், சில மறுக்கவும் கூடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். மனநோய் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் ஒவ்வொரு பொது மற்றும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆணையம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டிருக்கிறது.

இங்கே உங்களைப் போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்ய வேண்டுமானால், அதன் அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அதனால் மருத்துவர்கள் தங்கள் குறிப்பில் ‘சிறு வயதிலிருந்தே’ என்று எழுதுவது இயல்பு. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் பாலிசி எடுக்கும் முன்பே உனக்கு இருந்ததே’ என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். ஆனால் ஆணையத்தின் இலக்கணப்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்ததோ, ஆலோசனையோ சிகிச்சையோ தரப்பட்டதோதான் முன்பே இருந்த நோய். பள்ளியில் நோட்டுப் புத்தகத்தைத் தொலைத்த காலமெல்லாம் அந்தக் கணக்கில் வராது. உங்களுக்கு ஆறு மாதங்களுக்கு முன் கண்டறியப்பட்டிருப்பதால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பாலிசி எடுத்த பிறகு கண்டறியப்பட்டவர்களுக்கு இந்த இலக்கணம் பெரிய பாதுகாப்பு. கண்டறிந்த தேதி உள்ள முதல் மருத்துவச் சீட்டை லேமினேட் செய்து வைக்கும் அளவுக்கு மதியுங்கள்.

குழுக் காப்பீட்டைப் பொறுத்தவரை, பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. உங்களுடையதில் உண்டா, வெளிநோயாளித் தொகை ஏதும் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவு தரும் பலன் பட்டியலில் பாருங்கள். பில்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் க்ளெய்ம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. என்ற இடைநிலை நிறுவனத்துக்கோ நேரடியாக அனுப்பும் வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அலுவலக மேசை வழியாகப் போக வேண்டாம். மனநலம் பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அதே 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. வேலையை விடுவதற்கு முன், குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேட்டுவிடுங்கள். காத்திருந்த காலத்தின் பலன் தொடர்ந்து வர அது உதவும்.

என் பேரனுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை எழுதித் தந்திருக்கிறார்கள். நான்கு மருந்துக் கடைகளில் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடைக்காரர் சீட்டின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்சம் ஒரு மாதிரியாகவும் பார்த்தார். இது போதை மருந்தா? காப்பீட்டில் இந்த மருந்துக்கு ஏதாவது தனித் தடை உண்டா?
– நாகர்கோவில் வாசகர்

ஐயா, நீங்கள் பட்ட சங்கடம் புரிகிறது. மெத்தில்ஃபெனிடேட் ஊக்க மருந்து வகையைச் சேர்ந்தது. தவறாகப் பயன்படுத்தப்படக் கூடும் என்பதால், நம் மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாடும் அதற்கு உண்டு. எக்ஸ் அட்டவணை மருந்தை விற்கக் கடைக்குத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். நான்கு கடைகளில் இல்லாமல் போனதற்கும் ஐந்தாமவர் சீட்டை வாங்கி வைத்ததற்கும் இதுதான் காரணம். அவர் சட்டப்படி நடந்திருக்கிறார். மருத்துவர் எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்து அளவாகத் தரும் மருந்தை, அவர் சொன்னபடி உங்கள் பேரன் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இதே குறைபாட்டுக்குத் தரப்படும் ஆட்டோமாக்ஸெட்டின் ஊக்க மருந்து வகையில் சேராதது. அதற்கு இவ்வளவு கட்டுப்பாடும் இல்லை. எது வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக நாமாக மாற்றிக் கேட்கக் கூடாது.

மருத்துவர் எழுதித் தந்த மருந்து என்பதால் காப்பீட்டில் இதற்கென்று தனித் தடை இல்லை. ஈரோடு வாசகிக்குச் சொன்ன அதே வெளிநோயாளித் தடைதான் இங்கும். வெளிநோயாளிப் பிரிவு உள்ள பாலிசி உங்களிடம் இருந்தால், சிக்கல் காகிதத்தில்தான் வரும். ஒரு பிரதி கடையில் நின்றுவிடுவதால், உங்கள் கையில் உள்ள மற்றொரு பிரதிதான் ஆதாரம். கடையை விட்டு இறங்கும் முன், சீட்டில் விற்பனை முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா, பில்லில் உங்கள் பெயர் விழாமல் பேரனின் பெயர் இருக்கிறதா, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எண்ணிக்கையும் சீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பேரனுக்கு வாங்கிய மருந்துக்குத் தாத்தாவின் பெயரில் பில் போட்டதால் திருப்பி அனுப்பப்பட்ட க்ளெய்ம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மீண்டும் தரலாம் என்று மருத்துவர் குறிப்பிடாத சீட்டுக்கு இரண்டாம் முறை மருந்து தர மாட்டார்கள். ஆகவே மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பனியன் கம்பெனியில் வேலை. மாதம் 14,000 ரூபாய் சம்பளம். எங்களிடம் எந்த பாலிசியும் இல்லை. ஏழு வயது மகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கலாம் என்று பள்ளிக்கு வந்த டாக்டர் சொன்னார். தனியாரிடம் காட்ட வசதி இல்லை. என்ன செய்வது?
– திருப்பூர் வாசகி

உங்களிடம் பாலிசி இல்லை என்று யார் சொன்னது? உங்கள் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, ஈ.எஸ்.ஐ.யின் கீழ் வரும் நிறுவனத் தொழிலாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அந்தக் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். தனியார் பாலிசிகள் தராத வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கும் என்பதால், ஏ.டி.எச்.டி. விஷயத்தில் 5 லட்ச ரூபாய் பாலிசி வைத்திருக்கும் ஈரோடு வாசகியைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். மகளின் பெயர் உங்கள் ஈ.எஸ்.ஐ. கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கம்பெனி அலுவலகத்தில் கேளுங்கள். சேர்க்கப்படாவிட்டால் உடனே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம்.

பிடித்தமே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. பள்ளிக்கு வந்து பார்த்தது, 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுவாக இருக்க வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் அவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. அவர்கள் தந்த பரிந்துரைச் சீட்டோடு, அரசு மருத்துவமனை வளாகத்தில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குச் செல்லுங்கள், கட்டணம் கிடையாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையைத் தமிழிலேயே எந்த நேரமும் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது, இந்த மாத்திரைகளுக்கு உதவாது. இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் வழி கேட்டு எழுதினீர்களே, அதற்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா? நிராமயா காப்பீட்டில் சேர்க்கலாமா?
– காரைக்குடி வாசகி

ஏ.டி.எச்.டி. மட்டும் இருந்தால் கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அது தனியாக இடம்பெறவில்லை. ஆனால் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் பலருக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கும். கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே மதிப்பீட்டின்போது இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நிராமயா ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை, வெளிநோயாளிச் செலவையும் பயிற்சிச் செலவையும் சேர்த்துத் தரும் அருமையான திட்டம்தான். ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. சான்று கிடைக்கும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2018 ஜூனில் குடும்பப் பாலிசி எடுத்தபோது என் மகனுக்கு மூன்று வயது. 2021இல் அவனுக்கு ஏ.டி.எச்.டி. என்று தெரிந்தது. இந்த ஆண்டு மே மாதம் மாடிப்படியில் ஓடி விழுந்து தொடை எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை செய்தோம். 1,86,000 ரூபாய் ஆனது. பாலிசி எடுக்கும்போது ஏ.டி.எச்.டி.யை மறைத்துவிட்டதாகச் சொல்லி க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். நாங்கள் எதையும் மறைக்கவில்லை. ஒரு பிரீமியம்கூடத் தவறியதில்லை.
– தஞ்சாவூர் வாசகர்

நீங்கள் இணைத்திருந்த பிரதிகளை இரண்டு முறை படித்தேன். சிக்கல் எங்கே தொடங்கியது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர், பழைய நோய்கள் என்ற இடத்தில் ‘ஏ.டி.எச்.டி., பிறந்ததிலிருந்து’ என்று எழுதியிருக்கிறார். வலியில் கத்தும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயிடம் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கேட்டு, அவசரத்தில் எழுதிய சொல் அது. அந்த ஒரு சொல்லை 2018ஆம் ஆண்டு விண்ணப்பத்தோடு ஒப்பிட்டு, மறைத்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மூன்று காரணங்களால் இந்த மறுப்பு நிற்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2021இல்தான் கண்டறியப்பட்டது என்பதற்கு உங்களிடம் மருத்துவரின் முதல் சீட்டு இருக்கிறது. 2018இல் இல்லாத கண்டறிதலை 2018இல் எப்படிச் சொல்ல முடியும்? கோவை வாசகருக்குச் சொன்ன இலக்கணம் உங்களுக்கே நேரடியாகப் பொருந்துகிறது. அடுத்து, தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டி முடித்த பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடியைத் தவிர, தகவல் மறைப்பைக் காரணம் காட்டி எந்த க்ளெய்மையும் மறுக்கக் கூடாது என்பது இப்போதைய விதி. 96 மாதங்களாக இருந்ததை 2024இல் ஆணையம் 60 ஆகக் குறைத்தது. உங்கள் பாலிசி அதைத் தாண்டிவிட்டது. மூன்றாவதாக, முறிந்தது எலும்பு. துறுதுறுவென்ற பிள்ளை என்பதால்தான் விழுந்தான் என்று அவர்கள் வாதாடக் கூடும். மாடிப்படியில் ஓடாத பத்து வயதுப் பையன் எந்த ஊரில் இருக்கிறான்?

முதல் வேலையாக, அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரைப் பார்த்து, ‘பிறந்ததிலிருந்து’ என்பது பெற்றோர் சொன்ன அறிகுறிகளைக் குறித்தது, நோய் கண்டறியப்பட்டது 2021இல், என்று மருத்துவமனையின் முகவரித்தாளில் விளக்கக் கடிதம் கேளுங்கள். ஆவணத்தைப் பார்த்த பிறகு பெரும்பாலான மருத்துவர்கள் தயங்காமல் தருவார்கள். பழைய சம்மரியை அடித்துத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். அது உங்களுக்கே எதிராகப் போகும். அந்தக் கடிதம், 2021 சீட்டு, முதல் பாலிசி முதல் எல்லாப் புதுப்பித்தல் ரசீதுகள் ஆகியவற்றோடு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். மறுப்பை நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொண்டதா என்றும் அதில் கேளுங்கள்; அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் மறுக்கக் கூடாது என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். 50 லட்ச ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். அவர் தரும் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார், எனவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் தேதி மங்கலாக இருக்கிறது; தபால் உறை இன்னும் வீட்டில் இருந்தால், அஞ்சல் முத்திரையோடு அதையும் அந்தக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.